டேப் ஒட்டி அனுப்பிய கேமரா

ஜனவரி 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை நீ "வந்து பாருடா" என்றாய், நான் "லீவு கிடைக்காது" என்றேன், நீ படாரென்று வைத்துவிட்டாய். அதனால் இனிமேல் எழுதியே பேசுவோம். எழுதும்போதாவது நீ குறுக்கே பேச முடியாது.

இந்தப் பெட்டியில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருக்கிறது. புதிதாக வரும் சாமான்களை எடைபோட்டுப் பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேனே, அதற்காகக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. சட்டைப் பையில் அடங்கும். கேமராவையே தொடாதவர்கள்கூட முதல் நாளே நல்ல படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது உண்மையா என்று சோதிக்க எனக்குக் கேமராவையே தொடாத ஓர் ஆள் வேண்டும். ஆபீஸில் அப்படி ஒருவரும் இல்லை. யோசித்தேன், உன் ஞாபகம் வந்தது. கோபித்துக்கொள்ளாதே.

மேலே ஒரு சக்கரம் இருக்கும், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகப் படக்குறிகள். நீ திருகி எதையாவது மாற்றிவிடுவாய் என்று 'எளிது' என்ற இடத்தில் வைத்து மேலே டேப் ஒட்டிவிட்டேன். பிரிக்காதே. வெளிச்சம், தூரம், முகம் எல்லாவற்றையும் அதுவே கவனித்துக்கொள்ளும். நீ பொத்தானை அழுத்தினால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அம்மாவின் மூக்கோரம் வந்திருக்கிற சிவப்பைப் பற்றி என் பழைய அறை நண்பனிடம் சொன்னேன். சோடாபுட்டி, நம் வீட்டில்கூட வந்து தங்கியிருக்கிறானே, இப்போது இங்கே பெரிய தோல் டாக்டர். "வயசானவங்களை எதுக்கு ஒரு நாள் பூரா பஸ்ஸுல உக்கார வெக்கணும்? போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, பாத்துச் சொல்றேன்" என்றான். ஆக, நீ எனக்குக் கேமராவைச் சோதித்த மாதிரியும் ஆச்சு, அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மாதிரியும் ஆச்சு.

உன் தம்பி

ஜனவரி 21

தம்பிக்கு,

பெட்டி வந்தது. அட்டை, நுரை, உறை, உறைக்குள் உறை என்று பிரித்துப் போட்டதில் கூடமே குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. பெட்டியின் மேல் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். நாயும் சிரிக்கிறது. அப்போதே எனக்கு இது பிடிக்கவில்லை.

எளிதா இல்லையா என்றுதானே கேட்கிறாய், எழுதிக்கொள். முதல் குறை, அதற்கு வாய் ஓய்வதில்லை. திறந்தால் ஒரு கீச்சு, மூடினால் ஒரு கீச்சு, சும்மா கையில் வைத்திருந்தாலும் ஒரு கீச்சு. அம்மா பக்கத்து அறையிலிருந்து "அதுக்கு என்னடி பசியா?" என்று கேட்கிறாள்.

அடுத்தது, ஆள் சிரித்தால்தான் அது படம் எடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும் என்று நீ எழுதியதை நம்பி அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். அம்மா முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் வந்து மினுக்குகிறது, மேற்கொண்டு ஒன்றும் நடக்கவில்லை. 'சிரிக்கவும்' என்று எழுத்து வேறு வருகிறது. நம் அம்மா என்றைக்குக் காரணமில்லாமல் சிரித்திருக்கிறாள்? அதுவும் மூக்கோரம் எரிச்சலெடுக்கும்போது. "நான் எதுக்குடி இதைப் பாத்து இளிக்கணும்" என்று முறைக்கிறாள். ஒரு டப்பாவுக்கு இவ்வளவு திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் எங்கள் லாண்டரி சூப்பர்வைசர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்த கதையை நடித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள், அது எடுத்துக்கொண்டது. சூப்பர்வைசர் வாராவாரம் விழமாட்டார் என்று உன் டாக்டரிடம் சொல்லிவை.

அந்த டேப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபத்தைந்து வருஷமாக விடுதிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் கொடுத்து எடுக்கிறவள் நான். விரல் கொஞ்சம் முன்னால் போனால் விரலே போச்சு. அந்த மெஷினை என்னை நம்பி விடுகிறார்கள். நீ பொம்மை மாதிரி ஒரு சக்கரத்துக்கு டேப் ஒட்டி அனுப்புகிறாய். நல்லது.

அம்மாவுக்குச் சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். சிவப்பாக இருந்தது போன மாதம். இப்போது நடுவில் சின்னதாகக் குழி விழுந்து, ஓரம் மெழுகு மாதிரி தடித்திருக்கிறது. காலையில் தலையணை உறையில் புள்ளியாக இரத்தம் இருக்கிறது. எந்தக் கறையும் எனக்குப் புதிதில்லை, ஆனால் இதை மட்டும் இரண்டு தடவை துவைக்கிறேன். இங்கே இருக்கிற டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அம்மா பஸ் என்றாலே வாந்தி வரும் என்று அசைய மறுக்கிறாள்.

நானும் அம்மாவும் சேர்ந்து இருக்கிற மாதிரி ஒன்று கையை நீட்டிப் பிடித்து எடுத்திருக்கிறேன். பின்னால் இருக்கிற திரை தீப்பெட்டி அளவு, அதில் என் கண்ணுக்கு இரண்டு பல்வரிசை மட்டும்தான் தெரிகிறது. மெமரி கார்டை அனுப்புகிறேன், உன் கம்ப்யூட்டரில் நீயே பெரிதாக்கிப் பார்த்துக்கொள். நீ வைத்திருந்த இன்னொரு கார்டைக் கேமராவில் போட்டுவிட்டேன்.

அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ திட்டித் திட்டி எடுத்தாலும் படங்கள் பிரமாதம். ஆபீஸில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இதை எடுத்தவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமரா பிடிக்கிறார் என்றேன், நம்பவே இல்லை. நீயும் அம்மாவும் சேர்ந்து சிரிக்கிற படம் இருக்கிறதே, அதைப் பத்திரிகையிலேயே போடலாம் என்கிறார் ஆசிரியர். போடட்டுமா? பேர் போட மாட்டோம்.

சோடாபுட்டியிடம் அம்மாவின் படங்களைக் காட்டினேன். நன்றாகத்தான் பார்த்தான். "ஒண்ணும் பெருசா தெரியலையே. லேசா ஒரு தடிப்பு, அவ்வளவுதான்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தான். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் தடவவும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை படம் அனுப்பினால் போதுமாம்.

பார், ஒரு பஸ் பயணம் மிச்சம்.

உன் தம்பி

பிப்ரவரி 26

தம்பிக்கு,

படத்தைப் போட்டுக்கொள். எனக்கு ஆசையில்லை, அம்மாவுக்கு இருக்கிறது. "பத்திரிகையில வந்தா பக்கத்து வீட்டுக்காரிகிட்ட காட்டலாம்" என்கிறாள்.

களிம்பு தடவுகிறேன். தடவத் தடவ அந்த இடம் நசநசவென்று இருக்கிறது, ஆறவில்லை. மேலே பக்கு கட்டுகிறது, இரண்டு நாளில் உதிர்கிறது, அடியில் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கிறது. முதலில் மூக்கோரம் இருந்தது, இப்போது கண்ணின் மூலையைப் பார்த்து ஏறுகிறது. லேசாக ஒரு வாடையும் வருகிறது. ஈ வந்து உட்காருகிறது, அம்மா கையால் விரட்டிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிற மாதிரி எதையாவது துழாவுகிறாள், அழுவதை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போன பிறகு யார் அந்த ஈயை விரட்டுவது?

இந்தச் சனியனைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. புண்ணைக் காட்டுகிறவளிடம் அது 'சிரிக்கவும்' என்று கேட்கிறது. நேற்று அம்மா கன்னத்தை இழுத்து ஒரு போலிச் சிரிப்பு சிரித்தாள், எடுத்துக்கொண்டது. அதற்கு நிஜமும் தெரியாது, போலியும் தெரியாது.

கார்டு இதோடு இருக்கிறது. அந்தக் களிம்பு சரிதானா என்று நன்றாக விசாரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. ஈ, வாடை என்றெல்லாம் எழுதியிருந்தாய். பதறிப்போய்க் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அக்கா, படத்தில் அப்படி எதுவுமே இல்லை. மூக்கோரம் ஒரு நிழல் மாதிரி லேசான நிறமாற்றம். முகம் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. சோடாபுட்டி ஜனவரிப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா அடங்கிட்டு வருது, அதே களிம்பையே தொடரச் சொல்லு" என்றான்.

நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ சின்ன வயதிலிருந்தே ஒன்றைப் பத்தாக்கிப் பேசுகிறவள். அம்மாவுக்குத் தும்மல் வந்தாலே நீ ஜுரம் என்பாய். நான் வரவில்லை என்ற கோபம் உனக்கு இருக்கிறது, எனக்கும் புரிகிறது. அந்தக் கோபத்தில் பார்த்தால் சின்னது பெரிதாகத்தான் தெரியும். கேமராவுக்குக் கோபமும் கிடையாது, பயமும் கிடையாது. உள்ளது உள்ளபடி காட்டிவிட்டுப் போய்விடும். அதனால்தான் அனுப்பினேன்.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். கீச்சுச் சத்தத்துக்காக அரையைக் குறைத்தேன், அது உன் புண்ணியம்.

உன் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

சரி. நான் ஒன்றைப் பத்தாக்குகிறவள்.

உன் கடிதத்தை அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "டாக்டரே அடங்குதுன்னு சொல்லிட்டாரு, நீ ஏண்டி சும்மா கிடந்து அடிச்சுக்கறே" என்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே இப்போது அதைச் சொல்லி வாயை அடைக்கிறாள். நானும் களிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறேன். தடவும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், விட மாட்டேன் என்கிறாள். அந்தப் பிடியை உன் கேமராவில் எடுக்க முடியாது.

இந்தத் தடவை கார்டு இல்லை. எனக்கு மனசு வரவில்லை.

அக்கா

ஏப்ரல் 8

தம்பிக்கு,

பத்திரிகை வந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பிரிக்கவே விட்டாள். முழுப் பக்கத்தில் பாதிக்கு எங்கள் படம். கீழே நீ எழுதியிருக்கிறாய்: "நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த பெண்ணின் முகம்கூட இதில் பொலிவாக, உள்ளது உள்ளபடி." பக்கத்து வீட்டுக்காரி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். "உங்கம்மா தெரியுது, பக்கத்துல இருக்கறது யாரு, உன் தங்கச்சியா?" என்றாள்.

எனக்குத் தங்கச்சி கிடையாது.

நான் வாங்கிப் பார்த்தேன். என் மூக்கு, என் பல், என் பழைய ரவிக்கை. ஆனால் அது நானில்லை. காதிலிருந்து தாடை வரைக்கும் என் முகத்தில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கிறது. மாவு பூசின சுவர் மாதிரி ஒரு கன்னம். தழும்பு அசிங்கமென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் அசிங்கமாக இருந்தது.

லாண்டரியில் ஆவிக் குழாய் வெடித்தபோது எனக்குப் பத்தொன்பது, உனக்கு எட்டு. ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாய். "இது போயிடுமாக்கா?" என்று கேட்டாய். "போகாதுடா" என்றேன். இப்போது போய்விட்டது பார், உன் பத்திரிகையில். படத்தை எடுத்தது கேமரா, அதற்குத் தெரியாது. அத்தனை படத்தில் இதைப் பொறுக்கி எடுத்தவன் நீ. பெரிதாக்கிப் பார்த்தவன் நீ. அக்கா முகத்தில் என்ன குறைகிறது என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

இதை எழுத உட்காரும் முன்னால் ஒரு வேலை செய்தேன். தழும்பையே தின்றிருக்கிறது என்றால் அம்மா முகத்தில் எதைத் தின்றிருக்கும் என்று யோசித்தேன். உன் டேப்பைப் பிய்த்து எறிந்தேன். சக்கரத்தில் 'எளிது' என்பதில் முகம் போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறது. அதற்கு அடுத்த இடத்தில் வெறும் கேமரா படம். அதில் வைத்தால் கீச்சும் இல்லை, சிரிக்கச் சொல்வதும் இல்லை, அழுத்தினால் எடுக்கிறது. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து அதில் ஒன்று, நீ டேப் ஒட்டி அனுப்பிய 'எளிது'வில் ஒன்று எடுத்தேன். ஸ்டூடியோவில் கொடுத்து இரண்டையும் பெரிதாகப் போட்டு வாங்கினேன். போட்டுக் கொடுத்தவர் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டும் ஒரே அம்மாவா?" என்று கேட்டார்.

இரண்டையும் அம்மா கையில் கொடுத்தேன். ஒன்றை மாற்றி ஒன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளும் இத்தனை நாள் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டு உன் டாக்டர் பேச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு "எந்த பஸ்ஸுல போகணும்?" என்றாள்.

நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இரண்டு படத்துக்கும் பிரதி இதோடு இருக்கிறது. ஒன்றைப் பத்தாக்கியது யார் என்று நீயே பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

படங்களை எடுத்துக்கொண்டு நேராக சோடாபுட்டியிடம் ஓடினேன். நிஜமான படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவன் முகம் செத்துப்போனது. "டேய், இதை ஏண்டா எனக்கு முதல்லயே காட்டல? இது களிம்பு தடவுற சமாசாரமா? வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும், கண்ணுகிட்ட போயிருக்கு" என்றான். "நீதானேடா போட்டோ போதும்னு சொன்னே" என்றேன். "போட்டோன்னா போட்டோடா, இது மேக்கப்" என்றான். இரண்டு படித்த முட்டாள்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டோம். அவனுக்கு அவன்மேல் இருந்த அருவருப்பை அவன் என்மேல் துப்பினான். நான் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸுக்கு வந்து நீ அனுப்பிய எல்லாப் படங்களையும் முழு அளவில் திறந்தேன். முன்பு நான் அதைச் செய்யவே இல்லை. கட்டுரைக்கு எது அழகாக இருக்கும் என்றுதான் குட்டிக் குட்டியாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரியில் எடுத்த ஒன்றில் அம்மா தலையணையில் சாய்ந்திருக்கிறாள். உறையில் நீ எழுதியிருந்த இரத்தப் புள்ளி பளிச்சென்று இருக்கிறது, நூலிழைகூட எண்ணலாம். அதை நான் அப்போதும் பார்த்தேன். துணியில் அச்சடித்த பூ என்று நினைத்தேன். புள்ளிக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று கிடக்கிறது. தலையணையை உள்ளது உள்ளபடி காட்டிவிட்டு அம்மாவை மறைத்திருக்கிறது. நான் அதற்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.

ஆசிரியரிடம் போய் மறுப்பு போட வேண்டும் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ஏம்ப்பா, அசிங்கத்தைக் காட்டுற கேமராவை யாரு வாங்குவாங்க? ஜனங்க கேக்கறதே இதைத்தான்" என்றார். இதழின் பின் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கேமராக் கம்பெனியின் விளம்பரம்: அந்தச் சிரிக்கிற குடும்பம், நாயோடு. அம்மாவுக்கு என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை. மேஜைமேல் வாசகர் கடிதங்கள் ஒரு கட்டு கிடந்தன. அந்தப் படத்து அம்மாவும் பெண்ணும் என்ன அழகு, எந்தக் கடையில் கேமரா கிடைக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அறையில் மூச்சு விடவே பிடிக்கவில்லை. இனி அந்தப் பக்கத்தை நான் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் பெரிதாக வருத்தப்படவில்லை.

உன் தழும்பைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மறக்கவில்லை அக்கா. கண்ணை மூடினால் இப்போதும் காது ஓரத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்றாகச் சேர்வது வரைக்கும் தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது அக்கா சந்தோஷமாக இருக்கிறாள், அப்பாடா, இனிப் போக வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதை அது காட்டியது, நான் எடுத்துக்கொண்டேன்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? டாக்டர் என்ன சொன்னார்? நான் வரட்டுமா? முடிந்தால் ஒரு படம் அனுப்பு, அந்த வெறும் கேமராக் குறியில் வைத்து.

உன் தம்பி

மே 6

தம்பிக்கு,

போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. வார்டில் பன்னிரண்டு கட்டில், அங்கே நின்று உன்னிடம் கத்த முடியாது.

அறுவை முடிந்தது. மூக்கின் ஓரத்தையும் கீழ் இமையின் ஒரு நுனியையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். புற்று முழுவதும் எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. கண் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் கண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். உனக்கு விழவேண்டிய திட்டு.

கண்ணீர் இறங்குகிற குழாய் போய்விட்டதாம். அதனால் இடது கண்ணில் எப்போதும் நீர் வழிந்துகொண்டே இருக்கும். அழாமலும் வழியும், சிரித்தாலும் வழியும். பழைய துணியைச் சின்னச் சின்னதாகக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் எனக்கும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது கை தானாகப் போகிறது.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன், பிறகு எடுத்து வைத்தேன். ஊரெல்லாம் சாமான் நல்லதா கெட்டதா என்று எடைபோட்டுச் சொல்கிறவன், அம்மாவைப் பார்க்க வரலாமா என்று என்னிடம் கேட்கிறாய். கேட்காமல் வந்திருக்க வேண்டும்.

அதோடு நிற்காமல் படம் அனுப்பு என்றும் எழுதியிருக்கிறாய். இவ்வளவுக்கும் பிறகு உனக்குப் படம் வேண்டும். அனுப்ப மாட்டேன் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன். அவள்தான் விடவில்லை. "அனுப்புடி. ஆனா நிஜத்தை அனுப்பாதே. அவன் பயந்தாங்கொள்ளி, இதைப் பாத்தா சாப்பாடு இறங்காது. முதல்ல எடுத்தோமே, அந்தப் பொய் போட்டோ, அதுல வெச்சு ஒண்ணு எடு" என்றாள். நான் முடியாது என்றேன். உனக்காக அவள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

சக்கரத்தைத் திரும்ப 'எளிது' என்பதில் வைத்தேன். அம்மா தலையைச் சீவிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். அது மஞ்சள் கட்டம் போட்டுவிட்டு 'சிரிக்கவும்' என்றது. தையல் போட்ட பக்கம் உதடு மேலே போக மறுக்கிறது, அதனால் அவள் சிரித்தாலும் அது சிரிப்பில்லை என்கிறது. எடுத்த ஒன்றிரண்டிலும் 'கண் மூடியிருக்கிறது' என்று குறை சொன்னது. கண் திறந்துதான் இருந்தது, அவ்வளவுதான் திறக்கும். எனக்கு அதை ஜன்னல் வழியாக வீசி எறிய வேண்டும் போல இருந்தது. அம்மா மட்டும் சலிக்கவே இல்லை. கன்னத்தைக் கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், மறுபக்கமாகத் திரும்பிப் பார்த்தாள், வலியில் நெற்றி வியர்த்தது. "இரு, இன்னொரு தடவை" என்று திரும்பத் திரும்பச் சிரித்துக் காட்டினாள். கடைசியில் அது ஒப்புக்கொண்டது.

அந்தப் படம் இதோடு இருக்கிறது. நன்றாகப் பார். ஒட்டுத் தோல் தெரியாது, தையல் தெரியாது. நான் நாளெல்லாம் துணி வைத்து ஒற்றுகிற கண்ணீரைக்கூட அது துடைத்துவிட்டிருக்கிறது. அம்மா அழகாகத்தான் இருக்கிறாள். உனக்காக ஒரு மத்தியானம் முழுக்கக் கஷ்டப்பட்டுச் செய்த பொய் அது, பத்திரமாக வைத்துக்கொள்.

நிஜத்தை அனுப்பவில்லை. அது இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது, தெருவில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறது.

அக்கா